'பொருத்தியவர்' என்ற கட்டம்

13 மார்ச் 1989, திங்கள்

மழை. அப்டன் பார்க்கில் ரயில் இருபது நிமிடம் பிந்தியது. கடைக்குள் நுழையும்போது இடது சப்பாத்துக்குள் தண்ணீர் சளசளத்தது. முதலாளி ஹார்வுட் மணிக்கூட்டைப் பார்த்தார்.

லண்டனில் இந்தத் துப்பாக்கிக் கடையின் பின்னறையில் எனக்கு ஒன்றரை வருடமாக ஒரே வேலை. வேட்டைத் துவக்குகளை எண்ணெய்த் துணியால் துடைத்து, கடதாசியில் சுற்றி, பெட்டியில் வைத்துக் கட்டுவது. இன்று லெஸ் தொலைநோக்கி பொருத்தி முடித்த துவக்கு ஒன்று என் மேசைக்கு வந்தது. மான் வேட்டைக்குப் போவது. சுற்றுவதற்கு முன் சும்மா ஒருதரம் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே சிலுவை போலத் தெரிகிற கோடுகளில் நெடுங்கோடு சரிந்து நின்றது. பெரிய சரிவு இல்லை, இரண்டு பாகை இருக்கும். ஆனால் கோடு சரிந்தால் தூரத்தில் குண்டு பக்கவாட்டில் விலகிப் போகும்.

லெஸ்ஸிடம் சொன்னேன். "என் கண்ணுக்கு நேராகத்தான் இருக்கிறது" என்றான். இருபது வருடமாக அந்த மேசையில் இருப்பவன், பெட்டி கட்டுகிறவள் சொல்லிக் கேட்பானா? நான் வாதாடவில்லை. ஒரு நூலில் ஈயக் குண்டைக் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டேன். துவக்கை மேசை இடுக்கியான வைஸில் நிமிர்த்திப் பூட்டிவிட்டு ஹார்வுட்டைக் கூப்பிட்டேன். "இதற்குள்ளால் அந்த நூலைப் பாருங்கள்" என்றேன். அவர் பார்த்தார். நூல் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம்.

"இதை எங்கே படித்தீர்கள், மிஸிஸ் கஸ்பர்?"

யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வீதி மூக்குக்கண்ணாடிக் கடையில், ஒன்பது வருடம் என்றேன். சில கண்களுக்குக் கண்ணாடியை ஒரு குறித்த கோணத்தில் திருப்பி வைக்கவேண்டும். இரண்டு பாகை பிசகினால் மனுசருக்குத் தலையிடி வரும். அப்படியென்றால் நீங்களே சரிசெய்யுங்கள் என்றார். வளையங்களின் ஸ்குரூவைத் தளர்த்தினேன், கோட்டை நூலோடு சேர்த்தேன், இறுக்கினேன். பதினைந்து நிமிடம்.

வேலை அட்டையின் அடியில் ஒரு சிறிய கட்டம் இருக்கிறது. 'பொருத்தியவர்' என்று போட்டிருக்கும். அதில் லெஸ்ஸின் எழுத்துத்தான் இருந்தது. இருக்கட்டும்.

14 மார்ச்

இருக்கட்டும் என்று எழுதினேனே தவிர, இரவு முழுக்க அந்தக் கட்டம்தான் மனதுக்குள்.

2 ஏப்ரல், ஞாயிறு

பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர். மரியமலர் என்னை எல்லோருக்கும் முன்னால் கேட்டாள்: "இம்மாகுலேற், நீர் எங்கையோ கண்ணாடிக் கடையிலை வேலையெண்டு கஸ்பர் அண்ணை சொன்னவர். என்ரை கண்ணாடிக்கு ஒரு கால் போட்டுத் தருவீரோ?"

கஸ்பர் பிஸ்கட் தட்டை மிகவும் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ணாடிக் கடையில்லை. துவக்குக் கடை" என்றேன். "துவக்குக்குத் தொலைநோக்கி பூட்டுறன்."

மண்டபம் அமைதியாகிவிட்டது என்று எழுத ஆசை. அப்படியெல்லாம் இல்லை. மரியமலர் மட்டும் கையிலிருந்த கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள். "துவக்குக்குப் பயந்துதானே எல்லாரும் ஓடிவந்தனாங்கள்" என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. அவளுடைய தம்பியின் கதை எனக்குத் தெரியும்.

வீட்டுக் கதவைத் திறந்த பிறகு கஸ்பர்: "எங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. ஹோம் ஒபிஸ்காரன் கேட்டால், மனிசி துவக்கோடை நிக்கிறா எண்டோ சொல்லுறது?"

"ஓம், அப்பிடியே சொல்லுங்கோ. கள்ளமில்லாத வேலை."

ஆனால் எனக்குள்ளும் கேள்வி இல்லாமல் இல்லை. ஆனையிறவில் ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையாக நிறுத்தினபோது, துவக்கின் குழல் வாயை எதிரே நின்று பார்த்தவள் நான். இப்போது தினமும் அதன் பின்பக்கத்தால் பார்க்கிறேன். பயம் வருகிறதா? வரவில்லை. குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டைக் கழற்றி வெளியில் எடுத்துவிட்டால் அது ஒரு இரும்புக் குழாய். அதை நான் கழற்றுகிறேன், நான் பூட்டுகிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஏன் என்று மரியமலருக்கு விளங்கப்படுத்த ஏலாது.

19 மே, வெள்ளி

மார்ச்சிலிருந்து ஹார்வுட் பெட்டி கட்டுவதோடு பொருத்தும் வேலையும் தருகிறார். இந்தக் கிழமை நான்கு பொருத்தினேன். எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் இல்லையென்று சொல்லக்கூடாது.

முதலில் அடித்தட்டு. ஸ்குரூத் துளைகளில் எண்ணெய்ப் பசை கொஞ்சமும் இருக்கக்கூடாது, இருந்தால் பத்துச் சூட்டில் தளர்ந்துவிடும். அதன்மேல் வளையங்கள். அவற்றில் தொலைநோக்கியைப் படுக்கவைத்து, துவக்கைத் தோளில் வைத்துப் பார்த்து, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட விட்டு நிறுத்துவேன். பிறகு நூல், கோடு. ஸ்குரூக்களை ஒன்றுவிட்டு ஒன்றாக, கால் கால் சுற்றாக இறுக்குவேன். கடைசியில் போல்ட்டைக் கழற்றி, வெறும் குழலுக்குள்ளால் முற்றத்துக்கு அப்பாலுள்ள சுவரின் வெள்ளைப் புள்ளியைப் பார்ப்பேன். துவக்கை அசைக்காமல், கோடுகள் சந்திக்கும் இடத்தையும் அந்தப் புள்ளியில் கொண்டுவந்து நிறுத்துவேன். சனிக்கிழமைகளில் லெஸ் எசெக்ஸ் பக்கம் கொண்டுபோய் நூறு யார் தூரத்தில் சுட்டு முடிவாகத் திருத்துவான். முன்பெல்லாம் ஒரு துவக்குக்குப் பத்துப் பன்னிரண்டு குண்டு செலவாகும் என்று ஹார்வுட் சொன்னார். என்னுடையவற்றுக்கு நான்கு, ஐந்து.

நான்கு அட்டையிலும் லெஸ்ஸின் எழுத்து. "கடைக்கு வருகிறவர்களுக்கு என் பெயர்தான் தெரியும், கண்ணே" என்கிறான். கண்ணேயாம்! எனக்கு முப்பத்தெட்டு வயது.

23 ஜூன், வெள்ளி

லெஸ் இரண்டு கிழமை லீவில் போய்விட்டான். காலையில் ஹார்வுட் ஒரு துவக்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஆஷ்வெல் என்ற ஒருவருடையது, பழைய வாடிக்கையாளர், ஆகஸ்டில் ஸ்கொட்லாந்து மலையில் மான் வேட்டைக்குப் போகிறவர். புதிய தொலைநோக்கி, நல்ல ஜெர்மன் சாமான்.

பின்னேரம் முடித்தேன். ஹார்வுட் வெள்ளைப் புள்ளியைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், அட்டையை என் பக்கம் தள்ளினார்.

"நீங்கள்தானே பொருத்தினீர்கள்? நீங்கள் போடுங்கள்."

ஐ.கே. இம்மாகுலேற் கஸ்பருக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து. எழுத்துக் கோணியதா? இல்லை. கோணியிருந்தால் இங்கே சொல்லியிருப்பேன்.

26 ஜூன், திங்கள்

சனிக்கிழமை ஹார்வுட்டே கொண்டுபோய்ச் சுட்டிருக்கிறார். இன்று இலக்குக் கடதாசியை என் மேசையில் விரித்தார். மூன்று துளை, ஒரு தீப்பெட்டியால் மூடலாம். கேட்டு வாங்கி வந்து குசினிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். கஸ்பர் பேக்கரி வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, "இதென்ன, எலி கடிச்ச கடதாசியோ?" என்றார். சொன்னேன். பிறகு அவரே பாலை எடுக்கப் போகும்போதெல்லாம் அதைத் திரும்பிப் பார்ப்பதைக் கண்டேன்.

பெருமை பெரும் பாவம் என்று போன ஞாயிறு பாதர் பிரசங்கம் வைத்தார். இன்று வயிறு நிறையப் பாவம் செய்தேன்.

8 ஆகஸ்ட், செவ்வாய்

ஆஷ்வெல் ஸ்கொட்லாந்திலிருந்து டெலிபோன் எடுத்திருக்கிறார். மலைச்சரிவில் படுத்துச் சுட்ட முதல் சூட்டிலேயே தொலைநோக்கி பின்னால் வந்து புருவத்தில் அடித்துவிட்டது. மூன்று தையல்.

என் எழுத்துப் போட்ட முதல் துவக்கு.

9 ஆகஸ்ட், புதன்

நித்திரை இல்லை. என்னத்தைப் பிழை விட்டன் நான்? ஸ்குரூ தளர்ந்ததோ? இல்லை, தளர்ந்தால் தொலைநோக்கி முன்னாலை ஓடியிருக்கும். மூன்று அங்குலம் விட்டனான்தானே. என்ரை கண்ணாலை பார்த்து விட்டனான்.

லெஸ் சிரிக்கிறான். "அதற்காகத் துக்கம் கொண்டாடாதே. தளர்வாகப் பிடித்திருப்பார் என்று சொல்லிவிடுவோம். எந்தக் கடையும் அதைத்தான் சொல்லும்." ஹார்வுட் ஏற்கனவே அப்படித்தான் சொல்லிவிட்டாராம். அந்த மனுசனுக்கு மூன்று தையல், அதுக்கு மேலை அவருக்குத்தான் துவக்குப் பிடிக்கத் தெரியாதாம்.

அது பொய்யா, உண்மையா? எனக்குத் தெரியாதே. அதுதான் ஆத்திரம். பிழை என்ரையெண்டால் அது என்ன பிழையெண்டு எனக்குத் தெரியவேணும்.

12 ஆகஸ்ட், சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

கஸ்பரை முன்னறைக் கம்பளத்தில் குப்புறப் படுக்கச் சொன்னேன். பேக்கரியில் நின்று களைத்து வந்த மனுசன். "ஏனப்பா?" "படுங்கோ." கூட்டுகிற தும்புத்தடியைக் கையில் கொடுத்துத் தோளில் வைக்கச் சொன்னேன். அது வழியாகச் சுவரிலுள்ள மாதா படத்தைக் குறி பார்க்கச் சொன்னேன். "மாதாவையோ!" என்று பதறினார். சரி, கலண்டரைப் பாருங்கோ என்றேன். அவர் கண் தடியில் எங்கே வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டேன். பிறகு நான் எழுந்து நின்று அதே தடியைத் தோளில் வைத்து, என் கண் வரும் இடத்தில் இன்னொரு கோடு.

இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒன்றேகால் அங்குலம்.

கஸ்பர் ஐந்தடி எட்டு. நான் நான்கடி பதினொன்று. இந்த ஊர்த் துவக்கின் தோளில் முட்டும் கட்டை எனக்கு நீளம், அதனால் என் தலை எப்போதும் பின்னுக்கு நிற்கும். அந்தக் கண்ணுக்கு அளவாக நான் தொலைநோக்கியைப் பின்னுக்கு இழுத்து வைக்கிறேன். கழுத்து நீண்ட மனுசன், அதுவும் மலைச்சரிவில் படுத்தால், தலை தானாக முன்னுக்குப் போகும். மூன்று அங்குலம் ஒன்றரை அங்குலமாகிவிடும். துவக்கு உதைக்க, கண்ணாடியின் விளிம்பு நேரே புருவத்தில். ஹார்வுட் சுட்டது மேசையின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து. அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் அந்தத் துவக்கை எனக்காகப் பூட்டியிருக்கிறேன். இம்மாகுலேற்றுக்கு அளவெடுத்து, ஆஷ்வெல்லுக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வீதியில் ஒருத்தரின் மூக்கைப் பார்க்காமல் ஒரு கண்ணாடிக்காவது சட்டம் வளைத்திருப்பேனா? கடைக்காரர் உதைத்துத் துரத்தியிருப்பார். இங்கே மட்டும் ஏன் கேட்கவில்லை? பின்னறையில் இருக்கிறவளுக்கு முன்கடை ஆட்களின் முகம் எதற்கு என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் நினைத்துவிட்டேன். என்னைவிட்டால் அளவெடுக்க அந்த அறையில் வேறு உடம்பும் இல்லை.

மார்ச்சிலிருந்து பொருத்தியவை பதினேழு. மற்றவர்களுக்கு அடிக்காதது என் கெட்டித்தனம் இல்லை, அவர்களின் அதிர்ஷ்டம்.

கஸ்பர் இன்னும் கம்பளத்தில் கிடந்தார். நித்திரையாகிவிட்டார்.

16 ஆகஸ்ட், புதன்

ஆஷ்வெல் இன்று கடைக்கு வந்தார். வருவார் என்று தெரிந்து ஹார்வுட் காலையிலேயே என்னிடம் சொல்லிவைத்தார்: "நீங்கள் பின்னறையிலேயே இருங்கள்." திங்கட்கிழமை நான் அவரிடம் ஒன்றேகால் அங்குலத்தை விளங்கப்படுத்தியிருந்தேன். இனிமேல் கவனமாக இருங்கள், ஆனால் வெளியே பேச்சு வேண்டாம் என்றுதான் அதற்கும் மறுமொழி.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. ஆறடி மூன்று இருக்கும், அறுபது வயது, வலது புருவத்துக்கு மேல் சிவப்பாக ஒரு பிறை. ஹார்வுட் சொல்லிக்கொண்டிருந்தார்: இந்தக் காலத்துத் துவக்குகளுக்கு உதைப்பு அதிகம், இறுக்கிப் பிடிக்கவேண்டும்.

ஆஷ்வெல் சண்டை பிடிக்க வரவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. "முப்பத்திரண்டு வருடமாகச் சுடுகிறேன்" என்றார் மெதுவாக. "இப்போது பிடிக்கத் தெரியாமல் போய்விட்டது போலிருக்கிறது. இதை விற்றுத் தாருங்கள்."

ஏப்ரனோடு வெளியே போனேன். ஹார்வுட்டின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் திரும்பியிருப்பேன்.

"சேர், நீங்கள் சரியாகத்தான் பிடித்தீர்கள். பொருத்தினது நான். பிழை என்னுடையது" என்றேன். என்ன பிழை என்றும் சொன்னேன். என் உயரத்தைக் கையால் காட்டினேன். அவர் கழுத்தையும் காட்டிவிட்டேன், அது மரியாதையோ தெரியாது.

அவர் என்னைக் கீழே குனிந்து பார்த்தார். பிறகு, "என் பிடியில் பிழை இல்லையா?" என்று இன்னொருதரம் கேட்டார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி.

"இல்லை, சேர்."

"அப்படியானால் இப்போது என்ன செய்யலாம்?"

"படுங்கள்" என்றேன்.

நல்ல சாம்பல் கோட்டுடன் கடைத் தரையில் படுத்தார். வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டுத் துவக்கைக் கொடுத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். கண் திறந்திருந்தால் மனுசர் கண்ணாடிக்கு ஏற்றமாதிரித் தலையை வைத்துக்கொள்வார்கள், மூடினால்தான் தலை தன் இடத்துக்குப் போகும். தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் சாய்த்தார். இப்போது திறவுங்கள் என்றேன். அடிமட்டத்தால் அளந்தேன். ஒன்றரை அங்குலம்தான் இருந்தது. சரியாக நினைத்த அளவு! அந்த இடத்திலும் எனக்குள் ஒரு சந்தோஷம், என்ன பிறவியோ நான்.

வளையங்களைத் தளர்த்தித் தொலைநோக்கியை முன்னுக்குத் தள்ளினேன், மறுபடி நூல், மறுபடி வெள்ளைப் புள்ளி. ஒரு மணித்தியாலம். அவர் அதுவரை இருந்து தேநீர் குடித்தார். துவக்கை விற்கவில்லை. தானே சுட்டுத் திருத்திக்கொள்வதாக எடுத்துக்கொண்டு போனார்.

17 ஆகஸ்ட்

"கடையின் பிழை என்று வாடிக்கையாளரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை தந்தது யார், மிஸிஸ் கஸ்பர்? அவர் வழக்குப் போட்டால்?"

மறுபடி பெட்டி கட்டுகிறேன். பொருத்தும் மேசை முழுக்க லெஸ்ஸுக்கு.

கஸ்பர்: "நீர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்."

"ஏலாது."

"தெரியும்" என்றார். பிறகு எனக்கு முட்டை பொரித்துத் தந்தார்.

1 செப்டம்பர், வெள்ளி

பெட்டி, கடதாசி, கயிறு. அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே மைல் எண்ட் வரை நடந்தேன். அழுதேன். சொன்னதற்காக அழவில்லை. அதைத் திரும்பவும் சொல்லுவேன். அந்த மேசைக்காகத்தான் அழுதேன்.

25 செப்டம்பர், திங்கள்

ஹார்வுட் காலையில் பின்னறைக்கு ஒரு கடிதத்துடன் வந்தார். ஆஷ்வெல் எழுதியது. கடிதத்தை என் கையில் தரவில்லை, வாசித்தார். மறுபடி மலைக்குப் போயிருக்கிறார். படுத்து ஆறு சூடு, புருவத்தில் தூசிகூடப் படவில்லை. தன் நண்பர்கள் இருவர் வருகிறார்கள், அவர்களை "தரையில் படுக்கவைக்கிற அந்த அம்மையாரே" பார்க்கவேண்டும். தன் பிடியில் பிழை இல்லை என்று ஒருவர் சொல்லியிருக்காவிட்டால் தான் இனி மலை ஏறியிருக்கமாட்டேன் என்று கடைசி வரி.

ஹார்வுட் கடிதத்தை மடித்தார். "நான் கோபப்பட்டது வழக்குக்குப் பயந்து" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத்தான் கூச்சமாக இருந்திருக்கும்.

"தரை குளிர்" என்றேன். "ஒரு கம்பளம் வேண்டும். பழைய பதினேழு பேரையும் கூப்பிடவேண்டும், இலவசமாக."

"பதினேழு பேரையுமா?"

"பதினாறு. ஒருவருக்கு முடிந்துவிட்டது."

30 அக்டோபர், திங்கள்

பதினாறில் பதினொருவர் வந்துவிட்டார்கள். நான்கு பேருக்கு முன்னுக்குத் தள்ளவேண்டியிருந்தது. ஒருவர் என்னைவிடக் கட்டை, அவருக்கு நான் வைத்தது அச்சொட்டு! ஒவ்வொருவரிடமும் காரணத்தைச் சொல்கிறேன். ஒருவரும் கோபிக்கவில்லை. தையல்காரரிடம் நிற்பது போல அடக்கமாக நிற்கிறார்கள், படுக்கிறார்கள், கண்ணை மூடுகிறார்கள்.

கஸ்பர் கோயிலில் யாருக்கோ சொல்வது காதில் விழுந்தது: "என்ரை மனிசி அளவெடுக்காமல் இப்ப ஒரு வெள்ளைக்காரனும் மானுக்குப் போறேல்லை." கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். நான் திருத்தவில்லை. மரியமலர் பக்கத்தில்தான் நின்றாள். என்னோடு அவள் இன்னும் பழையபடி இல்லை. அது அவளுடைய நியாயம்.

9 பெப்ரவரி 1990, வெள்ளி

பகல் சாப்பாட்டு நேரம். முன்கடையில் யாரும் இல்லை. லெஸ் ஒரு துவக்குடன் என் மேசைக்கு வந்து நின்றான். கடைச் சாமான் இல்லை, அவனுடைய சொந்தத் துவக்கு, இருபது வருடத்துக்கு முன் தானே பொருத்தியது. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"போல்ட்டைக் கழற்று" என்றேன். கழற்றினான்.

அந்தப் பெரிய உடம்பு முழங்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கம்பளத்தில் இறங்கிப் படுத்தது. நான் சொல்வதற்கு முன்னமே கண்ணை மூடிக்கொண்டான். அடிமட்டத்தை எடுத்தேன்.

அரை அங்குலம் மாற்றினேன். நூலைப் பார்த்தேன், புள்ளியைப் பார்த்தேன், அவனையும் பார்க்கச் சொன்னேன். பார்த்துத் தலையை ஆட்டினான். சொந்தத் துவக்குக்கு வேலை அட்டை தேவையில்லை. ஆனாலும் ஒன்றை எடுத்துத் தன் பெயரை 'வாடிக்கையாளர்' என்ற இடத்தில் எழுதினான். அடியிலுள்ள கட்டத்தை வெறுமையாக விட்டு, பேனையை என் பக்கம் நீட்டினான்.